அச்சு வேண்டாம்

ஊத்தான் மெலிந்தாங்கில்
டயர் கடைக்கு மேல்மாடி.
கீழே லாரிச் சக்கரம் கழற்றும் சத்தம்.
மேலே பொதிகளைக் கட்டித் தரும் என் இயந்திரம்;
அதற்கு விசிறிதான் வாய்.

நான்கு சர்வர்கள் என் பொறுப்பு.
செம்பனை ஆலை நிறுவை மேடையில் ஒன்று,
கிளினிக்கில் ஒன்று,
கூட்டுறவுக் கடையில் ஒன்று,
தமிழ்ப்பள்ளியில், வெள்ளம் வந்தால்
மேசைமேல் ஏற்றிவைக்கும் ஒன்று.

முன்பெல்லாம் ஒவ்வொன்றின் முன்னும் போய் உட்கார்ந்து
நீலத்திரை கேட்கும் கேள்விகளுக்கு
அந்தந்த நேரத்துப் பசிக்கு ஏற்றபடி
ஆம், இல்லை என்று தட்டிவிட்டு வருவேன்.
ஒரே நிரல்,
நான்கு இடத்தில் நான்கு குணம்.
எங்கே என்ன சொன்னேன் என்று
பொய் சொன்னவளைப் போல
ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அலுத்துப்போய் ஒரு கோப்பு எழுதினேன்.
எல்லோருக்கும் பொது.
ஜன்னல் திரை வேண்டாம்.
கையேடு வேண்டாம்.
தரவுத்தளம் பதினைந்து, யாருக்கும் பதினாறு கிடையாது.
இங்கே ஒருமுறை கட்டினால் போதும்,
நான்கு பேருக்கும் அதுவே.

அந்த ஒரு வரியை எப்போது சேர்த்தேன் என்று
பதிவில் இருக்கிறது:
மே மாதம், வெள்ளிக்கிழமை, இரவு பதினொன்று நாற்பது.
அச்சு வேண்டாம்.

கிளினிக்கில் அச்சு எந்திரமே இல்லை.
கூட்டுறவில் இருக்கிறது, மை இல்லை.
பள்ளியில் காகிதத்தை வைத்துப் பூட்டுகிறார்கள்.
மூன்று பேர் கேட்கவில்லை.
நான்காவது ஆளை
நான் கேட்கவில்லை.

திங்கள், ஆறே முக்கால்.
நிறுவை மேடையிலிருந்து அஸ்ஹார்,
பாதித் தமிழில்:
"அக்கா, எடை வருது. சீட்டு வரல."

மோட்டாரில் போகும்போதே தெரிந்துவிட்டது.
ஆலை வாசலிலிருந்து பாலம்வரை லாரிகள்.
குலைகள் சிவந்து கிடக்கின்றன,
வெட்டிய நேரத்திலிருந்து
உள்ளே எண்ணெய் புளிக்கத் தொடங்கியிருக்கும்.
முதல் லாரியிலிருந்து வடமலை எட்டிப் பார்த்தார்:
"என்னம்மா, மேல உக்காந்து எதையோ அமத்திட்டீங்களா?"

பழைய பொதியைத் திருப்பிப் போட்டால் நாலு நிமிட வேலை.
பழைய பொதி?
இடம் போதவில்லை என்று
அதே வெள்ளிக்கிழமை அழித்திருந்தேன்.

பொதுக் கோப்பிலேயே திருத்த விரல் போனது.
போனால், ஓர் அச்சு வரிக்காக
முப்பது சில்லறைச் சாமான்கள்
கிளினிக்கின் வாசலிலும் வந்து இறங்கும்.
விட்டேன்.
ஆலைக்கென்று தனியாக ஒரு சின்னக் கோப்பு;
பொதுவை முதலில் படி,
பிறகு இதைப் படி,
முரண்பட்டால் இது சொல்வதே சரி.
அச்சு வேண்டும்.

டயர் கடை மாடியில் விசிறி எழும்பியது.
இரண்டு மணி நாற்பது நிமிடம் என்றது திரை.

அஸ்ஹார் இழுப்பறையின் அடியிலிருந்து
கரித்தாள் புத்தகம் ஒன்றை எடுத்தான்.
அவன் எண்ணைக் கத்த, நான் எழுதினேன்.
பதினெட்டு, நானூற்று இருபது.
பதினேழு, தொள்ளாயிரத்து எண்பது.
மேலே ஒன்று லாரிக்கு, அடியில் ஒன்று ஆலைக்கு.
அழுத்தி எழுதாவிட்டால்
அடித்தாள் வெறுமையாக வரும்.
வேண்டாம் என்று நான் நீக்கிய வேலையை
என் கட்டைவிரல் செய்துகொண்டிருந்தது.
நாற்பத்தோரு சீட்டு.
கடைசிச் சீட்டில்
ஏழும் ஒன்றும் ஒரே மாதிரி இருந்தன.

ஒன்பதரைக்கு எந்திரம் கனைத்து
முதல் சீட்டைத் துப்பியது.
யாரும் கைதட்டவில்லை,
வடமலை எப்போதோ போய்விட்டிருந்தார்.

மாடிக்கு வந்து
அந்த வரிக்குப் பக்கத்தில் காரணம் எழுதினேன்:
லாரிகள் நிற்கும். பழம் நிற்காது.

பள்ளியின் கோப்பைத் திறந்தால்
அங்கே காரணமில்லாமல் ஒரு வரி:
ஒலி வேண்டும்.
மூன்று வருடத்துக்கு முன், நான்தான்.
ஏன் என்று தெரியவில்லை.
அழிக்கும் விசையில் விரல்,
விரலில் இன்னும் கரித்தாளின் நீலம்.

மணி ஒன்று.
பள்ளி விடும் நேரம்.
போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.